கடவுள் உண்டு, இல்லை: நம் ஊர் ஆட்கள் இந்தச் சண்டையை ஏன் விடுகிறார்கள் இல்லை?

வாவிக்கரையான் (கல்லடி)

மட்டக்களப்பு மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தப் படம் ஒன்றை ஒருவர் பேஸ்புக்கில் போடுகிறார். முதல் ஆள் ‘ஓம் நமசிவாய’ என்கிறார். இரண்டாம் ஆள் ‘அந்தக் குளத்துத் தண்ணீரில் எத்தனை கிருமி தெரியுமா’ என்கிறார். அப்புறம் விடியும்வரை போகிறது. அனுமார் வருகிறார், டார்வின் வருகிறார், ஐன்ஸ்டைன் கடவுளை நம்பினாரா என்று ஒரு கிளைச் சண்டை முளைக்கிறது, நடுவில் ஒருவர் மற்றவரின் தகப்பனை இழுக்கிறார். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தால் திரும்பவும் அதே ஆட்கள், அதே வரிகள். யாரும் யாரையும் மாற்றியதாக நான் பார்க்கவில்லை. பிறகு ஏன் இந்தப் பாடு?

வேலை வெட்டி இல்லாதவர்கள், லைக்குக்கு அலைபவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வேலை இல்லாதவன் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கலாமே, ஏன் கடவுள்?

என் கணிப்பைச் சொல்கிறேன். இங்கே கடவுள் மறுப்புப் பேசுகிற பலர், வீட்டில் அப்பாவிடம், பெரியம்மாவிடம், டியூசன் சேரிடம் கேட்க முடியாமல் விழுங்கிய கேள்வியை முகம் தெரியாத ஆளிடம் கேட்கிறார்கள். பதில் சொல்ல ஓடிவருகிற பக்தரும் அப்படித்தான். அவருடைய மகன் நேற்று ‘நான் கோவிலுக்கு வரவில்லை’ என்று சொல்லியிருப்பான். மகனோடு கதைக்க வாய் வராது, இங்கே வந்து யாரோ ஒரு பொடியனுக்குத் திருமந்திரம் எடுத்து விடுகிறார்.

ஆபிரகாம் கோவூரை எடுங்கள். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். 1978 இல் கொழும்பில் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. அவர் யார்? கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவானவரின் பிள்ளை. மறுபக்கம் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கியவர். பின்னாளில் 1854 இல் சைவதூஷண பரிகாரம் எழுதி மிஷனரிமாருக்குப் பதிலடி கொடுத்தவரும் அவரேதான். இரண்டு பேரும் மோதியது தாங்கள் உள்ளே இருந்து பார்த்த ஒன்றோடு. தெரியாத சமயத்தோடு யாரும் இவ்வளவு மினக்கெடமாட்டார்கள். யூத சமயத்தைப் பற்றிக் களுவாஞ்சிகுடியில் யாராவது சண்டை பிடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மண்டூர் பொடியன்

கிரிக்கெட்டுக்கும் பிடிக்கிறோம் அண்ணன். அதிலும் ஒருவனும் மாறுவதில்லை.

பகுத்தறிவு அம்பாறை (அக்கரைப்பற்று)

வாவிக்கரையான் அண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் இது கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவனை வைத்தியரிடம் அனுப்புகிற வேலை. நான் அப்பாவோடு கோபத்தில் இருந்தால் என் கேள்வி பொய்யாகிவிடுமா? கோவூர் பாதிரியாரின் பிள்ளை என்பதால் அந்த ஒரு லட்சத்தை யாராவது வென்றுவிட்டார்களா?

நான் ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். வலிப்பு வந்த பிள்ளையைப் பேய் என்று சொல்லி, மந்திரிப்பவரிடம் கொண்டுபோய், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த கதை எந்த ஊரில் இல்லை? சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இவற்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்று ஒரு பெட்டி கிடையாது. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்கிறது. 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்னை மாதிரி ஆள் எங்கே நிற்பது? சைவநெறியில் ஏ எடுத்தவன் நான், அதையும் சொல்லி வைக்கிறேன்.

கொக்கட்டிச்சோலைக் கோவிலில் போர்த்துக்கீசப் பறங்கிக்காரன் முன்னால் கல் நந்தி எழும்பிப் புல் தின்று சாணமும் போட்டது என்கிறார்கள். படித்த ஆட்களே சொல்கிறார்கள். நான் பேசாமல் இருக்க வேண்டுமா?

காரைதீவு அடியான்

தம்பி, கொக்கட்டிச்சோலைக் கதையை நீங்கள் மாட்டு வைத்தியர் மாதிரிப் படிக்கிறீர்கள். கோவில்களை இடித்துக்கொண்டு வந்தவன் ‘உங்கள் கல் மாடு புல் தின்னுமா’ என்று கேட்டான். ஊர் அவனுக்குச் சொன்ன பதில் அந்தக் கதை. தோற்றுப்போன சனம் தலைகுனியாமல் இருக்க ஒரு கதையை வைத்திருந்தது. அது நடந்ததா என்று என்னைக் கேட்டால், நான் நம்புகிறேன். நீங்கள் நம்பத் தேவையில்லை. ஆனால் அதைச் சொல்லும் கிழவியைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். விஞ்ஞானம் படித்தவர், கணிதம் படித்தவர், பிறகு காவி கட்டி இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். கல்லடியில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கியவர். படித்தால் நம்பிக்கை போய்விடும் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பகுத்தறிவு அம்பாறை

படித்தால் போய்விடும் என்று நான் எங்கே எழுதினேன்? முந்திய இழையில் தீமிதிப்பைப் பற்றித்தான் எழுதினேன். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்தில் கால் சுடாதது சக்தியால் என்கிறீர்கள். தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவது கண நேரம். பேராசிரியர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை ஆராய்ந்து 1971 இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் எழுதியாயிற்று.

காரைதீவு அடியான்

காலைப் பற்றி யார் சண்டை பிடித்தது? என் மனைவி நேர்த்தி வைத்து மிதித்தவள். கால் ஏன் சுடவில்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கொப்புளம் வந்திருந்தாலும் அடுத்த வருடம் மிதித்திருப்பாள்.

மண்டூர் பொடியன்

ஆதாரம் காட்டினால் ஆள் இன்னும் இறுகுவானாம். ஆய்வே இருக்கு. அதனால ரெண்டு பேரும் படுங்க.

வாவிக்கரையான்

பொடியன், அந்த ஆய்வு 2010 இல் நைஹன், ரைஃப்லர் என்ற இருவர் செய்தது. அரசியல் செய்திகளை வைத்துச் செய்தார்கள். 2019 இல் வூட், போர்ட்டர் என்ற வேறு இருவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களிடம் ஐம்பதுக்கு மேற்பட்ட விடயங்களில் சோதித்தபோது அந்த இறுக்கம் ஏறக்குறையத் தென்படவே இல்லை. ஆட்கள் ஆதாரத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டுவிட்டுப் பழைய பக்கத்திலேயே நிற்கிறார்கள், அது வேறு விடயம்.

அதற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பக்கம் என்பது கருத்து மட்டுமில்லை.

படுவான்கரையான்

இதைத்தான் எழுத வந்தேன். மட்டக்களப்பில் நாத்திகன் என்று ஒருவன் முழுதாக இருக்கவே ஏலாது. ஏனென்றால் நமக்குச் சமயம் வருவதற்கு முதல் குடி, அதாவது குலம், வருகிறது. தாய் வழியில் பிறக்கும்போதே குடி. எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு, கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எந்தக் குடியில் இருந்து, எல்லாம் அதில் அடங்கும். என் மாமா பழைய இடதுசாரி. வீட்டில் சாமிப்படம் கிடையாது, திருநீறு பூசியதை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் குடித் திருவிழாவுக்குப் பங்குக்காசு ஒரு வருடமும் பிந்தியதில்லை. ஒரு முறை வசூலுக்கு வந்தவர்கள் பகிடியாக ‘உங்களுக்கு எதுக்கு’ என்று கேட்க, ‘சாமி இல்லாட்டிப் பறவாயில்லை, குடி இருக்குதானே’ என்றார்.

இப்படிப்பட்ட ஆள் சண்டைக்கே வரமாட்டார். பேஸ்புக்கில் நாத்திகம் எழுதுவது யார் என்று பாருங்கள். கனடாவில், சுவிஸில், கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர்கள். பங்குக்காசு கேட்டு அவர்கள் வாசலுக்கு யாரும் போகமாட்டார்கள்.

பகுத்தறிவு அம்பாறை

நான் அக்கரைப்பற்றில்தான் இருக்கிறேன். ஆனால் பெயர் போடவில்லை, அது உண்மை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள்.

கடற்கரை வீதி (சாய்ந்தமருது)

தங்கச்சி கலியாணத்தில் எல்லாம் வந்துவிட்டது. குடி முஸ்லிம்களான எங்களிடமும் இருந்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கக் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று எங்கள் மூத்தவாப்பா காலத்துக் கதைகள் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்க நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். படைத்தவன் இல்லை என்று சொந்தப் பெயரில் எழுதுகிற ஒருவரை நான் இங்கே கண்டதில்லை. நிக்காஹ் பள்ளிவாசலில் பதிவு, இறந்தவரின் மையத்தை அடக்குவது பள்ளி மையவாடியில், குடும்ப வழக்கு வந்தால் காழி நீதிபதி. வெளியே போனால் எங்கே போவது? எழுதுகிறவர்கள் பொய்க்கணக்கில் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத வருகிற மௌலவிமாருக்கும் தெரியும், அது உள்ளூர்ப் பொடியன்தான் என்று.

ஆனால் எங்கள் பெரிய சண்டை நாத்திகரோடு இல்லை. சீர்திருத்தம் பேசும் தவ்ஹீத்காரரும் சூஃபி வழியில் நிற்கும் தரீக்காகாரரும் பிடித்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு இந்த இழையெல்லாம் தேநீர்க் கடைப் பேச்சு. நபி புகழ் மவ்லிது ஓதலாமா, கந்தூரி விருந்து கூடுமா, தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் விரலை ஆட்டுவதா என்று உறவே முறிந்த வீடுகள் உண்டு. வாவிக்கரையான் சொன்னது இங்கே சரியாகப் பொருந்துகிறது. கம்யூனிஸ்ட்காரன் எங்களுக்குத் தூரத்தவன், அவன் என்ன சொன்னாலும் தூக்கம் கெடாது. அதே தொழுகை வரிசையில், ஸஃப்பில், தோளோடு தோள் நிற்பவன் கையை வேறு இடத்தில் கட்டினால்தான் மனம் பதறுகிறது.

அதோடு ஒன்று. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் பொடியன்கள் விடாமல் பதில் எழுதியது மார்க்கத்துக்காக மட்டுமில்லை. கடைக்கு ஆள் வருமா, வாடகைக்கு வீடு தருவார்களா என்பதும் அதில் இருந்தது. ‘நான் எல்லா மதத்தையும்தான் கேட்கிறேன்’ என்று ஒருவர் வருவார். அவருடைய பேஸ்புக் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் எல்லாக் கேள்வியும் எங்களைப் பற்றியே இருக்கும். எங்களைக் குறிக்கும் சோனகர் என்பது இந்த நாட்டில் சமயமும் இனமும் சேர்ந்த ஒன்று. வந்தவர் நாத்திகரா இனவாதியா என்று பார்க்காமல் எங்களால் பதில் எழுத ஏலாது. பகுத்தறிவுத் தம்பி அப்படியான ஆள் இல்லை, அவர் நந்தியையும் கேட்கிறார், எங்களையும் கேட்கிறார்.

மண்டூர் பொடியன்

கதிர்காமம் பாதயாத்திரைக்கு உகந்தையில் காட்டுப்பாதை எப்ப திறக்கிறாங்கள் என்று யாருக்காவது தெரியுமா? எனக்கு நம்பிக்கையில்லை, நடக்க மட்டும்.

ரோசி ரீச்சர் (மட்டக்களப்பு)

ஓய்வுபெற்ற ஆசிரியை. மெதடிஸ்த சபை. வாசித்துக்கொண்டே இருந்தேன், இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

யாரும் மாறுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மாதிரி எழுதுகிறீர்கள். பாணந்துறையை மறந்துவிட்டீர்கள். 1873 ஆகஸ்டில் எங்கள் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா பாதிரியாரும் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் இரண்டு நாள் வாதிட்டார்கள். ஆன்மா உண்டா, பைபிளில் முரண் உண்டா என்று. பாதிரியார் பௌத்தராகவில்லை, தேரர் கிறிஸ்தவராகவில்லை. மேடையை மட்டும் பார்த்தால் வீண் வேலை. ஆனால் அந்த வாதத்தின் ஆங்கில அச்சு அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி ஒல்கொட் என்ற ஒருவர் கையில் கிடைத்தது. அவர் 1880 இல் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அதன்பின் இந்த நாட்டில் எழும்பிய பௌத்த பாடசாலைகளை எல்லோருக்கும் தெரியும். மேடையில் நின்ற இருவரையும்விட எங்கோ இருந்து வாசித்தவரால்தான் நாடு மாறியது. எங்கள் ஆட்கள் அந்த வாதத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று சபையில் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஆகவே எதிரே நிற்பவருக்காக எழுதுகிறோம் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் எழுதாமல் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நேரம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலாக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். கல்லடியும் நாவலடியும் என்னவானது என்று உங்களுக்கே தெரியும். பிணம் எடுத்து முடிவதற்குள், இது பாவத்தின் சம்பளம் என்று ஒரு பிரசங்கியார் சொன்னதை என் காதால் கேட்டேன். ‘உங்கள் கடவுள் எங்கே போனார்’ என்று கேட்டவரையும் கேட்டேன். 2019 குண்டுவெடிப்பில் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் போனபோதும் இரண்டும் திரும்ப வந்தது, இந்த முறை போனில். அந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. யோபுவே கேட்ட கேள்விதான். கேட்க ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்.

பகுத்தறிவு அம்பாறை

ரீச்சர், பிரசங்கியார் பொறுத்தாரா? அவர் அன்றே பதில் சொன்னால் நாங்களும் அன்றே கேட்கத்தானே வேண்டும்?

ரோசி ரீச்சர்

அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டது பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் படத்துக்குக் கீழே.

செங்கலடி ஏ.எல்.

வாசிக்கிற பிள்ளை ஒன்று எழுதுகிறேன் ரீச்சர். இந்தச் சண்டைகளால் நான் எந்தப் பக்கமும் போகவில்லை. ஆனால் சைவநெறி வகுப்பில் ஒரு நாளும் சொல்லாததை இங்கேதான் படித்தேன். உலகாயதம் என்று நம்மிடமே கடவுள் மறுப்பு இருந்தது என்று சேர் சொல்லவே இல்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயக்காரரும் வந்து தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் பூதவாதி என்று ஒருவர் வருகிறார் இல்லையா. ஆத்திப்பூவையும் கருப்புக்கட்டியையும் சேர்த்தால் வெறி பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, வேறே உயிர் கிடையாது என்கிறார். மணிமேகலை தன் முற்பிறப்பைச் சொன்னால், அது தெய்வ மயக்கமோ கனவோ என்கிறார். அவள் உடனே, உன் தாய் தகப்பனை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். வாசித்துவிட்டுச் சிரித்தேன். பேஸ்புக்கில் இரண்டு பக்கமும் இன்றைக்கும் எழுதுவது அந்த இரண்டு வரியைத்தான்.

ஒரு கேள்வி. பெண்பிள்ளைகள் ஏன் இந்தச் சண்டையில் இல்லை? நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாசிக்க மட்டும்தான் செய்வேன். எழுதினால் முதல் பதிலே ‘உன் அம்மாவுக்குத் தெரியுமா’ என்று வரும்.

மண்டூர் பொடியன்

தெரியுமா?

செங்கலடி ஏ.எல்.

பார்த்தீர்களா.

கடற்கரை வீதி

தங்கச்சி சொன்னது மெத்தச் சரி. எழுதக்கூடிய ஆள் எழுதுகிறார், எழுத முடியாதவர் வாசிக்கிறார். ஆம்பிளைக்கும் பயம் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்தில் மத வெறுப்பைத் தூண்டினால் குற்றம் என்று ஒரு பிரிவு உண்டு. சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் சிறையில் இருந்தார். பிக்குமாரைக் கேவலப்படுத்திவிட்டார் என்று முறைப்பாடு. வெறுப்பைத் தடுக்க வந்த சட்டம் கதை எழுதியவரைப் பிடித்தது. ‘விவாதிக்க வா’ என்று கூப்பிடும்போது எல்லோரும் ஒரே தரையில் நிற்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

படுவான்கரையான்

அமெரிக்காவில் 2010 இல் பியூ ஆய்வு நிலையம் சமய அறிவைச் சோதித்தது. 32 கேள்வி. எல்லோருடைய சராசரியும் 16. நாத்திகரும் கடவுளை அறிய முடியாது என்பவரும் சேர்ந்த கூட்டம் 20.9 எடுத்து முதலில் நின்றது. நம்பாதவனுக்கே கூடத் தெரிந்திருக்கிறது. ஆனால் எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. எங்கள் மாமா மாதிரி, கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தை ஒரு வருடமும் விடாமல் பார்க்கிற ஆட்களை அந்த 32 கேள்வியில் உட்கார வைத்தால் ஆறு எடுப்பார்கள். அதற்காகச் சமயம் அவர்களிடம் இல்லை என்று சொல்வதா?

வாவிக்கரையான்

செங்கலடிப் பிள்ளை மணிமேகலையைத் தொட்டதால் ஒரு யோசனை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதி. அருணந்தி சிவாச்சாரியார் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கிறார், முதல் ஆளே உலகாயதன். மறுப்பதற்கு முதல் அவன் வாயாலேயே அவன் மதத்தைச் சொல்ல விடுகிறார். அதை வாசித்தால் இவர் உலகாயதரோ என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சுவையாக இருக்கும். அப்புறம்தான் மறுதலை.

அப்படிச் செய்து பார்ப்போமா? காரைதீவு ஐயா நாத்திகரின் வாதத்தை நாலு வரியில் எழுத வேண்டும். அக்கரைப்பற்றுத் தம்பி பக்தரின் வாதத்தை எழுத வேண்டும். எதிர்ப்பக்கம் ‘ஓம், இது என் கருத்துத்தான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பு எழுதக்கூடாது.

காரைதீவு அடியான்

சரி. கண்ணால் கண்டதையும், கண்டதில் இருந்து எல்லோரும் சோதித்துப் பார்க்கக்கூடியதையும் மட்டும் ஏற்பேன். அற்புதம் என்று சொல்லப்பட்டவற்றை விசாரித்த இடத்தில் எல்லாம் மனிதக் கைதான் அகப்பட்டிருக்கிறது. துன்பத்துக்குச் சமயங்கள் சொல்லும் காரணம் துன்பப்படுபவனுக்குத்தான் மேலும் பாரம். கடவுள் இல்லாமலும் நான் களவெடுப்பதில்லை, பொய் சொல்வதில்லை.

பகுத்தறிவு அம்பாறை

இது என் கருத்துத்தான். நான் எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

என்னுடையது: உலகம் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் உலகத்துக்குள்ளேயே இருக்க முடியாது. என் முன்னோர் இந்த வழியில் நடந்து பஞ்சத்தையும் போரையும் தாண்டினார்கள், அதை இலகுவில் உதற எனக்கு உரிமை இல்லை. மரண பயத்தால் மனம் ஒரு துணை தேடுகிறது, அந்தத் துணையை நான் முருகன் என்று கூப்பிடுகிறேன். கும்பிடும்போது என் அகங்காரம் குறைகிறது.

காரைதீவு அடியான்

முதலாவதும் இரண்டாவதும் நாலாவதும் என்னுடையவை. மூன்றாவது உங்களுடையது. பயத்தால் நான் கும்பிடவில்லை.

பகுத்தறிவு அம்பாறை

ஐயா, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

காரைதீவு அடியான்

தொட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு எழுபது வயது, பயம் எது என்று தெரியும். அந்த வரியை எடுங்கள், பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

பகுத்தறிவு அம்பாறை

எடுத்தால் நான் நம்பாத ஒன்றை எழுதியவன் ஆவேனே.

செங்கலடி ஏ.எல்.

அண்ணா, அந்த நாலு வரியில் எதையுமே நீங்கள் நம்பத் தேவையில்லை. அவர் நம்புவதைத்தானே எழுதச் சொன்னார்கள்?

பகுத்தறிவு அம்பாறை

சரி. மூன்றாவது வரிக்குப் பதில் என்ன போடுவது என்று ஐயாவே சொல்லட்டும்.

காரைதீவு அடியான்

பூசை முடிய வந்து எழுதுகிறேன்.